வெளிநாட்டு ஸ்டேடியம் இசை நிகழ்ச்சி: டிக்கெட்டும் பயணமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனத்துக்கு நெருக்கமான ஓர் இசைக்கலைஞரை நேரில் கேட்பதற்காக வேறொரு நாட்டுக்குப் போவது என்று முடிவு செய்தவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. டிக்கெட் வாங்குவதைத் தனியாகவும் பயணத்தைத் தனியாகவும் யோசிப்பவர்கள்தாம் பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள். இரண்டும் ஒரே திட்டத்தின் பகுதிகள் என்பதால் இங்கே அவை சேர்த்தே பேசப்படுகின்றன.

டிக்கெட், விசா, விமானம், விடுதி ஆகியவற்றில் எதை முதலில் பதிவு செய்ய வேண்டும்?

பணத்தை இழக்காமல் ரத்து செய்யக்கூடியதை முதலில் பதிவு செய்யுங்கள். ரத்து செய்ய முடியாததைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாகவே இருக்கட்டும்.

நிகழ்ச்சித் தேதி அறிவிக்கப்பட்ட அன்றே, டிக்கெட் விற்பனை தொடங்குவதற்கு முன்பாகவே, கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுள்ள விடுதி அறை ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பெரிய நிகழ்ச்சிகள் நடக்கும் வாரத்தில் அந்த நகரத்தின் அறைக் கட்டணம் அறிவிப்பு வந்த சில மணி நேரங்களிலேயே ஏறத் தொடங்கிவிடும். டிக்கெட் கிடைக்காவிட்டால் அறையை விட்டுவிடலாம், உங்களுக்கு நட்டமில்லை. அடுத்தது டிக்கெட். அதற்கடுத்து, தேவைப்பட்டால் விசா. பணம் திரும்பாத விமான டிக்கெட்டை இவை மூன்றும் கைக்கு வந்த பிறகே வாங்க வேண்டும்.

இந்த வரிசைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவைப் போல, விசா நேர்காணலுக்கே பல மாதங்கள் காத்திருக்க நேரும் நாடுகளுக்குப் போவதாக இருந்தால், டிக்கெட்டுக்குக் காத்திருக்காமல் விசா விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுவதே நல்லது.

ஒரே சுற்றுப்பயணம் பல நகரங்களில் நடக்கிறது. எந்த நகரத்தைத் தேர்ந்தெடுப்பது?

பலரும் தமக்குப் பிடித்த ஊரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு டிக்கெட்டுக்கு அல்லாடுகிறார்கள். நான் வேறு மூன்று விஷயங்களை முதலில் பார்க்கச் சொல்வேன்: உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டின் நுழைவு எவ்வளவு எளிது, அங்கே எத்தனை இரவுகள் நிகழ்ச்சி நடக்கிறது, அரங்கத்துக்கு ரயில் போகிறதா. ஒரே ஓர் இரவு நடக்கும் ஊரைவிட நான்கைந்து இரவுகள் நடக்கும் ஊரில் டிக்கெட் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்; ஓர் இரவு தவறினாலும் மறுநாள் முயலலாம். 2024 மார்ச் மாதத்தில் டெய்லர் ஸ்விஃப்ட் சிங்கப்பூர் தேசிய அரங்கில் ஆறு இரவுகள் பாடினார். தென்கிழக்கு ஆசியாவில் அந்தச் சுற்றுப்பயணம் வேறெந்த நாட்டுக்கும் போகவில்லை என்பதால் சுற்றியுள்ள நாடுகளின் ரசிகர்கள் அனைவரும் அங்கேதான் திரண்டார்கள். அந்த அரங்கத்தின் வாசலிலேயே மெட்ரோ நிலையம் இருப்பது வெளிநாட்டுப் பயணிக்குப் பெரிய வரம்.

அறிவிப்பில் உள்ள ஊர்ப் பெயரை நம்பி விடுதி பதிவு செய்துவிடாதீர்கள். நியூயார்க் நிகழ்ச்சி என்று பலரும் சொல்லும் மெட்லைஃப் அரங்கம் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவுடன் சேர்த்துப் பேசப்படும் லீவைஸ் அரங்கம் அந்நகரிலிருந்து வெகுதூரம் தெற்கே சான்டா கிளாராவில் இருக்கிறது. பாஸ்டன் ரசிகர்கள் போகும் ஜில்லெட் அரங்கம் ஃபாக்ஸ்பரோ என்ற சிற்றூரில் இருக்கிறது. முதலில் அரங்கத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து வெளியே செல்லும் ரயில் பாதையைப் பார்த்து, பிறகே தங்குமிடத்தை முடிவு செய்யுங்கள்.

முன்விற்பனை என்றால் என்ன? அதில் எப்படி இடம்பெறுவது?

பொது விற்பனைக்குச் சில நாட்கள் முன்னதாக, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் திறக்கப்படும் விற்பனையே முன்விற்பனை. ரசிகர் மன்ற உறுப்பினர்கள், குறிப்பிட்ட வங்கி அட்டை வைத்திருப்பவர்கள், விற்பனைத் தளத்தில் முன்கூட்டியே பெயர் பதிந்தவர்கள் என இதற்குப் பல வழிகள் உண்டு. இங்கிலாந்தில் புதிய இசைத்தொகுப்பைக் கலைஞரின் சொந்தக் கடையில் முன்பதிவு செய்தவர்களுக்கு முன்விற்பனைக் குறியீடு அனுப்புவதும் வழக்கம். கொரியக் குழுக்களுக்கு ரசிகர் மன்ற உறுப்பினராக இருப்பதே முதன்மையான வழி. உறுப்பினராகச் சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு சுற்றுப்பயணத்தின் முன்விற்பனைக்கும் தனியாகப் பெயர் பதிய வேண்டியிருக்கும். வங்கி அட்டை முன்விற்பனைகள் பெரும்பாலும் அந்த நாட்டில் வழங்கப்பட்ட அட்டைகளுக்கு மட்டுமே உரியவை என்பதால், வெளிநாட்டு ரசிகர்கள் அவற்றை நம்பியிருக்க வேண்டாம்.

பெயர் பதிந்துவிட்டால் டிக்கெட் உறுதி என்று எண்ணிவிடக் கூடாது. 2022 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்டின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் மாஸ்டர் நிறுவனத்தில் 35 லட்சம் பேர் பெயர் பதிந்திருந்தார்கள். முன்விற்பனையின் முதல் நாளிலேயே 20 லட்சத்துக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன, தளம் திணறியது, அதே வாரம் நடக்கவிருந்த பொது விற்பனையே கைவிடப்பட்டது. ஆகவே பொது விற்பனைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்விற்பனையைத் தவறவிடாதீர்கள். உங்களால் எட்டக்கூடிய எல்லா முன்விற்பனைகளுக்கும் பதிந்து வையுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் டிக்கெட் வாங்க அந்த நாட்டுத் தளங்கள் அனுமதிக்குமா?

பெரும்பாலான நாடுகளில் அனுமதிக்கும். ஐரோப்பா, வட அமெரிக்கா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா ஆகியவற்றில் வெளிநாட்டு முகவரியும் வெளிநாட்டுக் கடன் அட்டையும் பொதுவாக ஏற்கப்படுகின்றன. ஆனால் ஒரே நிறுவனம் பல நாடுகளில் தளம் நடத்தினாலும், ஒரு நாட்டின் தளத்தில் தொடங்கிய கணக்கு இன்னொரு நாட்டின் தளத்தில் செல்லாமல் போகலாம். நிகழ்ச்சி நடக்கும் நாட்டின் தளத்திலேயே முன்கூட்டிக் கணக்கைத் தொடங்கி, கைபேசி எண்ணைச் சரிபார்த்து, அட்டை விவரங்களைச் சேமித்து வைத்துவிடுங்கள்.

ஜப்பான் தனி உலகம். அங்கே பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகள் பெரும்பாலும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகின்றன. விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். பல தளங்கள் ஜப்பானியக் கைபேசி எண்ணைக் கேட்கும். வாங்கியவரின் பெயரை நுழைவாயிலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. 2019 ஜூன் மாதம் முதல், மறுவிற்பனை தடை செய்யப்பட்ட டிக்கெட்டுகளை அசல் விலைக்கு மேல் விற்பதைத் தொழிலாகச் செய்வது அங்கே தண்டனைக்குரிய குற்றம். சில நிகழ்ச்சிகளுக்கு வெளிநாட்டு ரசிகர்களுக்கென்று தனி விற்பனைப் பக்கம் திறக்கப்படும். அது இருக்கிறதா என்று கலைஞரின் அதிகாரபூர்வ அறிவிப்பில் தேடிவிட்டுத்தான் மற்ற வழிகளை யோசிக்க வேண்டும்.

விற்பனை நாளில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நேரம். விற்பனை நேரம் நிகழ்ச்சி நடக்கும் ஊரின் நேரப்படி அறிவிக்கப்படுகிறது. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் மாற்றப்படுகின்றன. அமெரிக்காவில் அந்த மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நிகழ்கிறது. இந்த வாரங்களையொட்டி விற்பனை வந்தால், மனக்கணக்கை நம்பாமல் கைபேசிக் கடிகாரத்தில் அந்த ஊரைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வரிசை. பெரும்பாலான தளங்கள் விற்பனைக்குச் சற்று முன்னதாகக் காத்திருப்பு அறையைத் திறக்கின்றன. விற்பனை தொடங்கும் நொடியில் அந்த அறையில் இருப்பவர்களுக்கு வரிசை எண்கள் குலுக்கல்போலத் தரப்படுகின்றன. ஒரு மணி நேரம் முன்பே நுழைந்தவருக்கும் ஐந்து நிமிடம் முன்பு நுழைந்தவருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். தொடங்கிய பிறகு வருபவர்தான் கடைசிக்குப் போகிறார். எனவே பத்துப் பதினைந்து நிமிடங்கள் முன்னதாக இருந்தால் போதுமானது. அதன் பிறகு பக்கத்தைப் புதுப்பிக்கக் கூடாது. ஒரே கணக்கில் பல சாளரங்களைத் திறப்பதும், இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் சேவையைப் பயன்படுத்துவதும், உங்களைத் தானியங்கி நிரல் என்று தளம் சந்தேகிக்க இடம் தரும். கூட வருபவர்கள் ஆளுக்கொரு கணக்கில், ஆளுக்கொரு கருவியில், ஆளுக்கோர் இணைய இணைப்பில் காத்திருப்பதே வாய்ப்பைப் பெருக்கும் நேர்மையான வழி. யாருக்கு முதலில் கிடைத்தாலும் அனைவருக்குமாக வாங்குவது, கிடைத்ததும் மற்றவர்கள் வரிசையை விட்டு விலகுவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பணம் செலுத்துதல். வரிசையில் வெற்றிகரமாக உள்ளே போனவர்கள் பலரும் இந்தக் கட்டத்தில்தான் டிக்கெட்டை இழக்கிறார்கள். உங்கள் அட்டையில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, அதற்கான வரம்பு மொத்தத் தொகைக்குப் போதுமா, ஓடிபி வரும் கைபேசி எண் கையில் இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். வேறொரு வங்கியின் அட்டை ஒன்றும் தயாராக இருக்கட்டும். கூடையில் உள்ள டிக்கெட் சில நிமிடங்களுக்கு மட்டுமே உங்களுக்காகப் பிடித்து வைக்கப்படுகிறது. அந்த நிமிடங்களில் இதைவிட நல்ல இருக்கை கிடைக்குமா என்று திரும்பித் தேடாதீர்கள். நீங்கள் விட்ட இருக்கை மறு நொடியே இன்னொருவருக்குப் போய்விடும்.

வரிசையில் நிற்கும்போதே விலை ஏறுவது ஏன்?

ஒரே வகை டிக்கெட்டை ஒரே விலையில் விற்க வேண்டும் என்ற கட்டாயம் பல நாடுகளில் இல்லை. அமெரிக்காவில் தேவைக்கேற்ப விலையை மாற்றும் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. 2024 ஆகஸ்ட் 31 அன்று பிரிட்டனின் ஒயாசிஸ் ராக் இசைக்குழுவின் மறுசேர்க்கை நிகழ்ச்சிகளுக்கான விற்பனையில், மணிக்கணக்கில் காத்திருந்து உள்ளே போனவர்கள் நின்று பார்க்கும் டிக்கெட்டின் விலை இரு மடங்குக்கும் மேலாகியிருப்பதைக் கண்டார்கள். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் இதை விசாரித்தது. நொடிக்கு நொடி விலை மாறியதாக அது கண்டறியவில்லை; ஒரே வகை டிக்கெட்டுக்கு இரண்டு விலைகள் வைக்கப்பட்டு, மலிவானவை தீர்ந்ததும் விலை கூடியவை விற்கப்பட்டன என்பதும், வாங்குபவர்களுக்கு அது முன்கூட்டித் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதுமே அது கண்ட குறை.

இதற்கு ரசிகர் செய்யக்கூடியது ஒன்றுதான்: அதிகபட்சமாக எவ்வளவு தருவேன் என்பதை வரிசையில் சேர்வதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது. பல மணி நேரக் காத்திருப்பும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரமும் சேரும்போது நிதானமானவரும் நிதானம் இழப்பார். பயணச் செலவோடு ஒப்பிட்டு, இன்னும் கொஞ்சம்தானே என்று மனம் சமாதானம் சொல்லும். அந்தக் கொஞ்சத்தை ஏற்கெனவே கணக்கில் சேர்த்து வைத்திருந்தால் மட்டும் சம்மதியுங்கள். சேவைக் கட்டணம், வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் ஆகியவற்றையும் அந்த எண்ணுக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. இனி வாய்ப்பே இல்லையா?

உண்டு, அதுவும் பலர் நினைப்பதைவிட அதிகமாகவே. முதல் தேதிகள் வேகமாகத் தீர்ந்தால் கூடுதல் இரவுகள் சேர்க்கப்படுவது வழக்கம். சிங்கப்பூரின் ஆறு இரவுகளும் முதலில் மூன்றாகவே அறிவிக்கப்பட்டவை. இதைவிட முக்கியமானது இன்னொன்று. மேடை எங்கே முடியும், ஒலி ஒளிக் கருவிகள் எந்த இருக்கைகளை மறைக்கும் என்பது மேடை கட்டப்படும்வரை உறுதியாகத் தெரியாது. அதனால் அமைப்பாளர்கள் ஒரு பகுதி இருக்கைகளை விற்காமல் நிறுத்தி வைக்கிறார்கள். மேடை எழுந்ததும், நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் முன்போ அன்றைய தினமேயோ, அவை அசல் விலைக்கு விற்பனைக்கு வரும். அவற்றில் மிக நல்ல இருக்கைகளும் இருக்கும். எளிதில் போய்வரக்கூடிய நாடாக இருந்தால், ரத்து செய்யக்கூடிய அறையை விட்டுவிடாமல் அதிகாரபூர்வ தளத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல உத்தி. கடல் கடந்து, விசா எடுத்துப் போக வேண்டியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுவிற்பனைத் தளங்களை நம்பலாமா?

மூன்று வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வகை, முதலில் விற்ற நிறுவனமே நடத்தும் மறுவிற்பனை. இதில் பழைய டிக்கெட் செல்லாததாக்கப்பட்டு உங்கள் பெயரில் புதியது தரப்படுவதால் பாதுகாப்பு அதிகம். ஆனால் பாதுகாப்பு என்பது நியாய விலை என்று பொருள்படாது. பிரிட்டனில் டிக்கெட் மாஸ்டர் தன் தளத்தில் அசல் விலை வரம்பை வைத்திருக்கிறது, அமெரிக்காவில் அதே நிறுவனத்தின் தளத்தில் விற்பவர் கேட்பதே விலையாக இருப்பது சாதாரணம். அயர்லாந்தில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகளை அசல் விலைக்கு மேல் விற்பதையே தடை செய்திருக்கிறது.

இரண்டாவது வகை, பிறர் நடத்தும் பொதுச் சந்தைகள். இவற்றில் பலவும் போலி டிக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக உறுதியளிக்கின்றன. அந்த உறுதி டிக்கெட்டின் விலைக்கு மட்டும்தான். நீங்கள் பறந்து வந்த செலவுக்கு அல்ல என்பதை வெளிநாட்டு ரசிகர் மறக்கக் கூடாது. கையில் இல்லாத டிக்கெட்டை விற்பனைக்கு வைத்துவிட்டு, விலை குறைந்தால் பிறகு வாங்கித் தரலாம் என்று காத்திருக்கும் விற்பனையாளர்களும் இங்கே உண்டு. பொது விற்பனை தொடங்குவதற்கு முன்பே ஒரு சந்தையில் டிக்கெட் தென்பட்டால் அது பெரும்பாலும் இந்த வகைதான்.

மூன்றாவது வகை, சமூக ஊடகத்தில் அறிமுகமில்லாதவரிடம் வாங்குவது. வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பச் சொல்பவர், டிக்கெட்டின் திரைப்பிடிப்பை ஆதாரமாகக் காட்டுபவர், வேறு இருவர் கேட்கிறார்கள் என்று அவசரப்படுத்துபவர் ஆகிய எவரிடமும் வாங்க வேண்டாம். எங்கே வாங்கினாலும் கடன் அட்டையில் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும்.

எந்த இருக்கை நல்லது? மேடைக்கு அருகில் நிற்பதா, மேலே அமர்வதா?

மைதானத் தரையில் முன்வரிசையில் நிற்பதற்கு இணையான அனுபவம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்துக்காகக் காலையிலிருந்தே வாசலில் காத்திருக்க வேண்டும், அதன் பிறகும் பல மணி நேரம் நிற்க வேண்டும். தரைப்பகுதியின் பின்பாதியில் மேடையும் அருகில் இல்லை, தரையும் சரிவாக இல்லை. முன்னால் நிற்பவர்களின் தலைகளும் உயர்த்திப் பிடித்த கைபேசிகளுமே பெரிதாகத் தெரியும். பணத்துக்குச் சரியான மதிப்பு கீழ்த்தளப் பக்கவாட்டு இருக்கைகளில்தான் கிடைக்கிறது என்பது என் கருத்து. மேடையை நோக்கிய கோணமும் இருக்கும், உயரமும் இருக்கும், உட்காரவும் முடியும்.

ஒலி காற்றில் நூறு மீட்டர் கடக்க ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். அதனால் தொலைவில் அமர்பவர்களுக்குத் திரையில் வாய் அசைவதும் காதில் பாட்டு விழுவதும் சற்றே விலகித் தெரியலாம். மைதானத்தின் நடுவே ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்தி, அவற்றின் ஒலியைக் கணக்கிட்டுத் தாமதப்படுத்துவது மேடையிலிருந்து வரும் ஒலியோடு அது பொருந்துவதற்காகத்தான். அந்தக் கோபுரங்களுக்கு நேர் பின்னால் உள்ள இருக்கைகளில் காட்சி மறைக்கப்படலாம். பார்வை மறைக்கப்பட்ட இருக்கை என்ற குறிப்பு இருந்தால், எது மறைக்கிறது என்று தெரியாமல் வாங்க வேண்டாம்.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதிக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களாவது முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாட்கள். சில விண்ணப்பங்களுக்கு 45 நாட்கள்வரை நீளலாம். ஆனால் கோடைக்காலத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கடினம் என்பதால், ஆறு மாதக் கதவு திறந்ததும் நேரம் பதிவு செய்யப் பாருங்கள். 30,000 யூரோ காப்புத் தொகையுள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதங்களாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். இசை நிகழ்ச்சி டிக்கெட்டை விண்ணப்பத்தோடு இணைத்தால் பயணத்தின் நோக்கம் தெளிவாகும். அதனாலேயே விசா கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

விசா தேவைப்படாதவர்களுக்கும் முன் அனுமதி தேவைப்படலாம். பிரிட்டன் 2025 முதல், விசா தேவைப்படாத பெரும்பாலான வெளிநாட்டவரிடம் மின்னணுப் பயண அனுமதியைக் கேட்கிறது. அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டத்தில் உள்ளவர்களும் இணையவழி அனுமதி பெற வேண்டும். வழியில் விமானம் மாறும் நாட்டுக்கு இடைவழி விசா வேண்டுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மலிவான விமான டிக்கெட்டுகள் பலவற்றின் சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எத்தனை நாள் முன்பு போய்ச் சேர வேண்டும்?

ஒரு முழு நாளாவது இடையில் இருக்க வேண்டும். நிகழ்ச்சி சனிக்கிழமை என்றால் வியாழக்கிழமை இரவுக்குள் அந்த ஊரில் இருங்கள். ஒரு விமானம் தாமதமாகி இணைப்பு விமானம் தவறினாலும், பெட்டி வராமல் போனாலும், அந்த ஒரு நாள் உங்களைக் காக்கும். திரும்பும் விமானத்தை மறுநாள் அதிகாலையில் வைக்காதீர்கள். நள்ளிரவுக்கு மேல் அறைக்குத் திரும்பி, உறங்காமல் விமான நிலையம் போவது வேதனை. முடிந்தால் நிகழ்ச்சிக்குப் பிறகும் ஒரு நாள் கையிருப்பில் இருக்கட்டும். 2023 நவம்பரில் ரியோ டி ஜெனீரோவில் கடும் வெப்பம் காரணமாகச் சனிக்கிழமை டெய்லர் ஸ்விஃப்ட் நிகழ்ச்சி, ரசிகர்கள் அரங்கத்துக்கு வந்துவிட்ட பிறகு திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அரங்கத்துக்கு அருகிலேயே தங்க வேண்டுமா?

அவசியமில்லை. அரங்கத்துக்கு நேராகச் செல்லும் ரயில் பாதையில், நான்கைந்து நிலையங்கள் தள்ளித் தங்கினால் கட்டணமும் குறையும், கூட்டமும் குறையும்.

நிகழ்ச்சி முடிந்து இரவில் எப்படித் திரும்புவது?

பயணத் திட்டத்தில் பெரும்பாலானோர் யோசிக்காமல் விடும் பகுதி இது. லண்டனின் வெம்பிளி அரங்கிலிருந்து ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் வெளியே வரும்போது, வெம்பிளி பார்க் நிலையத்துக்குச் செல்லும் வழியில் காவலர்கள் கூட்டத்தைப் பகுதி பகுதியாக நிறுத்தித்தான் விடுவார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகலாம் என்று கணக்கில் வைத்து, கடைசி ரயிலின் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள். அதே அரங்கத்துக்கு வேறு இரண்டு ரயில் நிலையங்களும் இருக்கின்றன. எந்த அரங்கமானாலும் இரண்டாவது வழி ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வாடகைக் கார் செயலிகளின் கட்டணம் அந்த நேரத்தில் பல மடங்கு ஏறும். அரங்கத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு அழைத்தால் காரும் எளிதாகக் கிடைக்கும்.

நகர அரங்கங்களில் நிகழ்ச்சி எத்தனை மணிக்குள் முடிய வேண்டும் என்பது உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும். 2012 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடி முடித்தபோது நேரம் கடந்துவிட்டதென்று ஒலியையே நிறுத்திவிட்டார்கள். இந்தக் கண்டிப்பு பயணிக்கு ஒரு வகையில் உதவி: முடியும் நேரத்தை ஏறத்தாழத் துல்லியமாக அறிந்து ரயிலைத் திட்டமிடலாம்.

எதைக் கொண்டு போகலாம்?

முதலில் பையின் அளவைப் பாருங்கள். அமெரிக்காவின் பெரும்பாலான அமெரிக்கன் ஃபுட்பால் அரங்கங்களில் ஒளி ஊடுருவும் பை மட்டுமே அனுமதி. வெம்பிளியில் ஏ4 தாளின் அளவைவிடப் பெரிய பைக்கு அனுமதி இல்லை. விமானத்திலிருந்து இறங்கி நேராகப் பெட்டியோடு அரங்கத்துக்குப் போவது எங்கும் நடக்காத காரியம். லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்கள், செல்ஃபி குச்சிகள், பெரிய குடைகள் ஆகியவை பொதுவாகத் தடை செய்யப்பட்டவை. பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அதன் மின்னாற்றல் அளவு 100 வாட் மணி (Wh) வரம்புக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. 20,000 மில்லி ஆம்பியர் மணி எனக் குறிக்கப்பட்டவை பொதுவாக 74 வாட் மணி அளவிலேயே இருக்கும். அரங்கத்தின் தடைப் பட்டியலில் பவர் பேங்க் இருக்கிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள்.

டிக்கெட் கைபேசியில் மட்டுமே இருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?

இப்போது பல டிக்கெட்டுகளின் பட்டைக் குறியீடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறுகிறது. அதனால் திரைப்பிடிப்பும் அச்செடுத்த தாளும் வாசலில் செல்லாது. அரங்கத்தைச் சுற்றிப் பல்லாயிரம் கைபேசிகள் இயங்கும்போது இணையம் மந்தமாகிவிடும் என்பதால், விடுதியில் இருக்கும்போதே டிக்கெட்டைக் கைபேசியின் வாலெட்டில் சேமித்துவிடுங்கள். டிக்கெட் செயலி சில வேளைகளில் கணக்கைச் சரிபார்க்கப் பழைய கைபேசி எண்ணுக்குக் குறியீடு அனுப்பும். எனவே சொந்த ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிடாமல், பயணத்துக்கான இசிம்மை (கைபேசியில் பதிவிறக்கிக்கொள்ளும் சிம்) கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பானது. நான்கு பேரின் டிக்கெட்டும் ஒருவர் கைபேசியில் இருந்தால் நால்வரும் ஒன்றாகவே நுழைய வேண்டும். தளம் அனுமதித்தால் அவரவர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

வெயில், நீண்ட நேரம் நிற்பது, ஒலி அளவு ஆகியவற்றுக்கு எப்படித் தயாராவது?

ரியோவில் நிகழ்ச்சி தள்ளிவைக்கப்படுவதற்கு முந்தைய நாள், அதே அரங்கில் வெப்பத்தில் மயங்கி விழுந்த இளம் ரசிகை ஒருவர் உயிரிழந்தார். தண்ணீர் பாட்டில் கொண்டுவர அனுமதிக்காதது பெரும் கோபத்தைக் கிளப்பியது. பிரேசில் அரசு உடனே அதை அனுமதிக்க உத்தரவிட்டது. எந்த நாட்டிலும் தண்ணீர் குறித்த விதியை முன்பே படித்து, வெறும் பாட்டிலையாவது கொண்டு போக முடியுமா என்று பாருங்கள். நல்ல இடம் போய்விடுமே என்று தண்ணீர் குடிக்காமலும் கழிவறை போகாமலும் இருப்பவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: எந்தப் பாட்டும் அதற்கு ஈடாகாது. தலை சுற்றினால் தயங்காமல் காவலரை அழையுங்கள். முன்வரிசையிலிருந்து வெளியே எடுத்துவிடுவதற்கென்றே அவர்கள் அங்கே நிற்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அளவுகோல், இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த அளவிலேயே மூன்று மணி நேரம் நிற்பது காதுக்கு நல்லதல்ல. இசைக்கென்றே செய்யப்படும் காதடைப்பான்கள் ஒலியைச் சிதைக்காமல் குறைக்கின்றன. குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் கவசம் வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருபவர்கள், சிறுவர்கள் ஆகியோருக்கு என்ன ஏற்பாடு?

சக்கர நாற்காலி இடங்களும் துணைவர் இருக்கைகளும் பல அரங்கங்களில் தனித் தொலைபேசி எண் அல்லது தனிப் பக்கம் வழியாக விற்கப்படுகின்றன. பொது வரிசையில் காத்திருந்து நேரம் வீணாகாமல் இருக்க அறிவிப்பு வந்த நாளிலேயே அரங்கத்துக்கு எழுதுங்கள். மருத்துவச் சான்றின் மொழிபெயர்ப்பும் கேட்கப்படலாம். சிறுவர்களைப் பொறுத்தவரை, நின்று பார்க்கும் பகுதிக்கு வயது வரம்பு இருப்பது பொதுவானது. அந்த வரம்பு நாட்டுக்கு நாடு வேறுபடும்.

நிகழ்ச்சி ரத்தானால் பணம் கிடைக்குமா?

டிக்கெட் பணம் கிடைக்கும். மற்றவை உங்கள் பொறுப்பு. 2024 ஆகஸ்டில் வியன்னாவில் டெய்லர் ஸ்விஃப்டின் மூன்று இரவுகளும், தாக்குதல் திட்டம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதால் முதல் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ரத்து செய்யப்பட்டன. பல நாடுகளிலிருந்து ரசிகர்கள் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார்கள். டிக்கெட் பணம் திருப்பித் தரப்பட்டது. விமானச் செலவையும் விடுதிச் செலவையும் அமைப்பாளர்கள் ஏற்கவில்லை.

பயணக் காப்பீடு இதையெல்லாம் ஈடு செய்யும் என்று நினைப்பவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும்: நிகழ்ச்சி ரத்தானதால் நான் பயணத்தைக் கைவிட்டால் ஈடு தருவீர்களா? பல சாதாரணக் காப்பீடுகளில் உங்கள் நோய், குடும்பத்தில் மரணம் போன்றவைதாம் காரணமாக ஏற்கப்படும். விமானம் பறக்கிறது, விடுதி திறந்திருக்கிறது என்றால் நட்டம் இல்லை என்பது அவர்கள் வாதம். எந்தக் காரணத்துக்கும் பயணத்தை ரத்து செய்யலாம் என்ற கூடுதல் பிரிவு சில நாடுகளில் விற்கப்படுகிறது. அதன் கட்டணம் அதிகம், செலவில் ஒரு பகுதியைத்தான் தரும். காப்பீட்டை முதல் பதிவு செய்த சில நாட்களுக்குள் வாங்குங்கள். கலைஞருக்கு உடல்நலமில்லை என்ற செய்தி வந்த பிறகு வாங்கினால், முன்பே தெரிந்த ஆபத்து என்று மறுக்கப்படும். தள்ளிவைப்பு வேறு விஷயம்: டிக்கெட் புதிய தேதிக்குத் தானாகவே செல்லும் என்று சொல்வார்கள், பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு ஒரு குறுகிய காலக்கெடு இருக்கும். அந்தக் கடிதம் வரும் மின்னஞ்சலைத் தவறாமல் பாருங்கள்.

கடைசி நேரத்தில் என்னால் போக முடியவில்லை. டிக்கெட்டை என்ன செய்வது?

முதலில் வாங்கிய தளத்திலேயே மறுவிற்பனை வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றம் முறையாக நடக்கும் ஒரே இடம் பெரும்பாலும் அதுதான். அங்கே இல்லையென்றால், அசல் விலைக்கு மட்டும் விற்க அனுமதிக்கும் தளங்கள் சில நாடுகளில் உண்டு. பிரிட்டனின் ட்விக்கெட்ஸ் அப்படிப்பட்ட ஒன்று. விற்ற பணம் உடனே வராது. பல தளங்கள் நிகழ்ச்சி முடிந்த பிறகே அனுப்புகின்றன, சில தளங்கள் அந்த நாட்டு வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்புகின்றன. ஆகையால் விற்பனைக்கு வைக்கும் முன் உங்கள் கணக்குக்குப் பணம் வருமா என்று உறுதி செய்யுங்கள். வராது என்றால், அந்த ஊருக்குப் போகும் நண்பருக்கோ, டிக்கெட் கிடைக்காத இன்னொரு ரசிகருக்கோ, தளத்தின் வழியாகவே மாற்றிக் கொடுத்துவிட்டு அசல் விலையை நேரில் பெற்றுக்கொள்ளலாம். பெயர் மாற்ற முடியாத டிக்கெட்டை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள்; அதை வாங்கியவர் தொலைதூரம் பயணம் செய்து வந்து வாசலில் திருப்பி அனுப்பப்படுவார்.